தனியாள் சமையல்: வேலூரில் குறைந்த காசில் மாதம் முழுக்கச் சாப்பிட

காட்பாடியில் அறை எடுத்துப் படிக்கிறவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிக்குத் துணையாக வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் என்று ஒற்றை அடுப்பில் தனக்குத் தானே பொங்கித் தின்கிற எல்லோருக்கும் இந்தக் குறிப்பு. மளிகைக்கு எடுத்துவைத்த பணம் பத்தாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்றால், அது அரிசியில் கரைந்திருக்காது. பத்து ரூபாய் மசாலா பாக்கெட், மாலை நேரத்து பஜ்ஜி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஓட்டலில் வாங்கும் குழம்பு, வாங்கி வாடிப்போன காய்கறி, இவைதான் பையைக் காலி செய்கின்றன. அரிசிச் செலவை ரேஷனில் முடித்துவிட்டு, கையில் இருக்கும் காசை முதலில் பருப்பு, பயறுக்கும், அடுத்து கீரைக்கும், அதற்குப்பின் மற்றவற்றுக்கும் ஒதுக்குங்கள். இந்த வரிசை மாறினால் வயிறு நிறைந்தும் உடம்பு தளரும்.

ரேஷனில் எவ்வளவு தேறும்

ஒருவர் மட்டும் உள்ள அரிசி கார்டுக்கு மாதம் 12 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டும் தலைக்கணக்கு பார்க்காமல் கார்டுக்கு ஒன்று என்று கொடுப்பதால், தனியாளுக்குத்தான் இதில் லாபம் அதிகம். சர்க்கரை அரை கிலோ, கிலோ 25 ரூபாய் விலையில். எல்லாம் சேர்த்து 67 ரூபாய் 50 காசு.

நாள் கணக்கில் பார்த்தால் 400 கிராம் அரிசி, 33 கிராம் பருப்பு, 33 மில்லி எண்ணெய். அரிசி மட்டுமே ஏறக்குறைய 1,380 கலோரி தரும். உட்கார்ந்து வேலை செய்கிற ஆணுக்கு நாளைக்கு 2,100 கலோரி அளவில் தேவை. மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே வந்துவிட்டது. அதனால் ‘மலிவாக இருக்கிறதே’ என்று கடையில் மேற்கொண்டு அரிசி, மைதா, சேமியா வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். கோதுமை வரும் மாதம் அரிசியில் கொஞ்சத்துக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கலாம். அதுவும் இலவசம்தான்.

கார்டு செங்கத்தில் இருந்தாலும் திருப்பத்தூரில் இருந்தாலும், 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டின் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். ஆனால் ஊரில் வீட்டார் அதே கார்டில் வாங்கிவிட்டால் உங்களுக்கு மிச்சம் இருக்காது. நிரந்தரமாகத் தனியாகவே பொங்கிச் சாப்பிடுகிறவர் என்றால், குடும்பக் கார்டில் பெயரை நீக்கிவிட்டு இ-சேவை மையத்தில் தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். பில் போட்டதும் போனுக்கு வரும் குறுஞ்செய்தியைக் கடை வாசலிலேயே படியுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பலர் அதைப் பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி. 100 மணிக்கு ஒன்று வீதம் கலப்பார்கள். எறியாதீர்கள். இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும். பழைய வாடை அடித்தால் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உலை வையுங்கள். மார்கழிக் குளிரில் பாமாயில் அடியில் வெள்ளையாக உறையும். அது கெட்டுப்போனதாகாது, வெயிலில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும்.

எது மலிவு என்று பார்க்கும் விதம்

கிலோ விலையைப் பத்தால் வகுத்தால் 100 கிராம் விலை. அதைப் புரத அளவால் வகுத்தால், ஒரு கிராம் புரதம் எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று தெரியும். 100 கிராமில் துவரை, கொள்ளு, பச்சைப்பயறு, காராமணி எல்லாவற்றிலும் 22 கிராம் அளவில் புரதம். மல்லாட்டையில் (நிலக்கடலை) 25. சோயா உருண்டையில் 50. ஒரு முட்டையில் 6. பாலில் 100 மில்லிக்கு 3.

ரேஷன் துவரை 100 கிராம் 3 ரூபாய். கிராம் புரதம் 14 காசு. கொள்ளு கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 41 காசு. முட்டை 6 ரூபாய் என்றால் 1 ரூபாய். பால் லிட்டர் 50 என்றால் 1 ரூபாய் 60 காசுக்கு மேல். விலை ஏறி இறங்கினாலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். 400 கிராம் அரிசியிலேயே 28 கிராம் வந்துவிடும். மீதிக்கு ஒரு கை பருப்பு, ஒரு கை கொள்ளு, ஒரு கை மல்லாட்டை. சோற்றோடு பருப்பு சேரும்போது ஒன்றில் குறைகிற அமினோ அமிலத்தை இன்னொன்று ஈடுகட்டும். இதற்காக விலை உயர்ந்த எதையும் தேட வேண்டியதில்லை.

ரேஷனுக்கு மேல் ஒரு மாதத்துக்கு வாங்க வேண்டியது:

- கேழ்வரகு 2 கிலோ (தானியமாக வாங்கி, கழுவி, உலர்த்தி, மில்லில் அரைக்க)
- கொள்ளு 1 கிலோ, பச்சைப்பயறு அல்லது காராமணி அரை கிலோ
- மல்லாட்டைப் பயிர் (தோடு உரித்த கடலை) 1 கிலோ, உளுந்து அரை கிலோ
- புளி 250 கிராம், காய்ந்த மிளகாய் 150, மல்லி 200, பூண்டு 200
- கடுகு, சீரகம், மஞ்சள்தூள் 50 கிராம் வீதம், வெந்தயம் கொஞ்சம், கல்லுப்பு 1 கிலோ
- வெங்காயம் 3 கிலோ, தக்காளி வாரம் அரை கிலோ
- கீரை இரண்டு நாளைக்கு ஒரு கட்டு, வேறு காய் வாரம் ஒரு கிலோ
- முட்டை 12 முதல் 15

முதல் தேதியில் மொத்தப் பணத்தையும் செலவழிக்காதீர்கள். மளிகையை மட்டும் வாங்கிவிட்டு, கீரை, காய், முட்டைக்கான பணத்தை நான்காகப் பிரித்து நான்கு கவரில் போட்டு வையுங்கள். அடுத்த வாரக் கவரைத் தொடுவதில்லை என்ற ஒரு கட்டுப்பாடு இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சாம்பார் பொடி, ரசப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள் என்று சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குவதுதான் மளிகையில் மிக விலை உயர்ந்த பழக்கம். மிளகாயும் மல்லியும் முழுதாக இருக்கட்டும். ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி, கொஞ்சம் சீரகம், வெந்தயம் சேர்த்து வாரத்துக்கு ஒருமுறை வறுத்துப் பொடித்தால் எல்லாக் குழம்புக்கும் அதுவே போதும்.

பருப்பு வேகவில்லை என்றால்

வேலூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். எட்டு விசில் விட்டாலும் பருப்பு நறுக்கென்று நிற்கும், கேஸ்தான் வீணாகும். அரிசி, பருப்புக்கு மட்டும் காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கழுவ மட்டும் போர் தண்ணீர் போதும், ஊறவைப்பதும் நல்ல தண்ணீரில்தான். துவரையை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு, புளி, தக்காளி எதுவும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முன்னதாக விழுந்தால் அதற்குமேல் பருப்பு வேகாது.

கேவுரு களி, ஒரு ஆளுக்கு

வாரத்தில் மூன்று, நான்கு வேளை களி சாப்பிட்டால் அரிசி மிச்சமாகும்; 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. பால் வாங்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

நொய் 50 கிராம், மாவு 100 கிராம், தண்ணீர் 450 மில்லி. நொய் தனியாக வாங்க வேண்டாம். ரேஷன் அரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றினால் நொய்தான். ஆரணி, கலவை பக்கம் போகிறவர்கள் அரிசி மில்லில் கேட்டால் நொய் மலிவாகக் கிடைக்கும்.

தண்ணீர் கொதித்ததும் நொய்யையும் உப்பையும் போட்டு, நொய் குழைய வேகவிடுங்கள். தண்ணீர் இன்னும் தளதளவென்று மேலே நிற்க வேண்டும். சுண்டியிருந்தால் அரை டம்ளர் சுடுதண்ணீர் சேர்க்கலாம். இப்போது மாவை நடுவில் குன்று மாதிரி கொட்டுங்கள். கிளறாதீர்கள். துடுப்பின் காம்பால் மாவின் நடுவில் அடிவரை ஒரு ஓட்டை போட்டு, மூடி, தீயைக் குறைத்து ஆறேழு நிமிடம் விடுங்கள். கொதி அந்த ஓட்டை வழியாக மேலேறி மாவை வேகவைக்கும். பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கீழே இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஒட்டினால் மூடி மறுபடி மூன்று நிமிடம் சிறுதீயில் வையுங்கள்.

கட்டி விழுகிறது என்றால் மாவைத் தூவிக்கொண்டே கிளறியிருக்கிறீர்கள், அல்லது கொதி அடங்கிய தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள். பச்சை வாடை அடித்தால் மூடி வைத்த நேரம் போதவில்லை. கையை நனைத்து உருட்டி, கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றிச் சாப்பிடலாம். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் கரைத்து, மோரும் உப்பும் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு கூழாகக் குடிக்கலாம். அதற்குத் தனியாக கேஸ் செலவில்லை.

கொள்ளு: ஒரு வேகவைப்பில் இரண்டு குழம்பு

75 கிராம் கொள்ளைக் கல் பொறுக்கி, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் 600 மில்லி நல்ல தண்ணீரில் குக்கரில் ஆறு விசில். வெந்த தண்ணீரை வடித்தால் இரண்டு டம்ளர் தேறும்; புளி, தட்டிய பூண்டு, மிளகு, சீரகம் போட்டு ஒரு கொதி விட்டால் அது ரசம். கொள்ளை இரண்டு காய்ந்த மிளகாய், நான்கு பல் பூண்டு, நான்கைந்து சின்ன வெங்காயம், துளி புளி, உப்பு சேர்த்து மத்தால் கடைந்தால் கடைசல். மத்தியானம் கடைசலும், இரவு ரசமும். வெயில் காலத்தில் இரண்டையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

முளைகட்டவும் கொள்ளு, பச்சைப்பயறு இரண்டும் நன்றாக வரும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். கோடையில் ஒரே நாளில் முளைக்கும். தை மாதத்தில் இரண்டு நாள் பிடிக்கும். துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் முளைக்கு முன்னால் வாடைதான் வரும். பிழிந்து கட்ட வேண்டும்.

மல்லாட்டை, கீரை, முட்டை, கருவாடு

மானாவாரி மல்லாட்டை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடை ஆகும்போது விலை இறங்கும். முடிந்தால் அப்போது இரண்டு மாதத்துக்கு வாங்கி, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று கறுத்த, சுருங்கிய, பூசணம் பிடித்த சொத்தைப் பயிரை மட்டும் வாங்காதீர்கள். அதில் இருக்கும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. கசக்கிற பயிரைத் துப்பிவிடுங்கள். 40 கிராம் வறுத்த பயிர், இரண்டு மிளகாய், இரண்டு பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு. கெட்டியாக அரைத்தால் களிக்கும் ஆகும், தளர்த்தினால் இட்லிக்கும் ஆகும். தேங்காய்ச் சட்னியை மறந்துவிடலாம்.

கீரைக்கு அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை எது அன்றைக்கு மலிவோ அது. மூன்று தண்ணீரில் மண் போக அலசி, மூடாமல் ஏழு நிமிடம் வேகவைத்துக் கடைந்தால் போதும். மீதிக் கட்டை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் வரை நிற்கும். முருங்கை மரம் உள்ள வீட்டில் கேட்டால் யாரும் ஒரு கொத்து கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். தானாக முளைத்த குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி பறிக்கலாம். ஆனால் தோல் ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் ஓரத்திலும், சாக்கடைப் பக்கத்திலும் பறித்ததைத் தொடவே கூடாது.

முட்டையைத் தனியாகப் பொரித்துத் தின்றால் ஒரு வேளைக்கு இரண்டு ஆகும். காரக்குழம்பு கொதிக்கும்போது ஒன்றை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவிட்டால் ஒன்றே போதும். கருவாடு சாப்பிடுகிறவர்கள் 50 கிராம் நெத்திலியைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தலை கிள்ளி, மணல் போக நான்கு முறை அலசி, கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால் இரண்டு வேளை ஓடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் விலை இறங்கும் நாளில் அதையே போடுங்கள். எண்ணெய் குடிக்காமல் வெண்ணெயாக வேகும். மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர் பக்கம் அது ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இராது. கால் கிலோவை இஞ்சி, பூண்டு போட்டு எட்டு விசில் வேகவைத்து, பாதியைக் குழம்பாகவும் பாதியைச் சுக்காவாகவும் அன்றைக்கே ஆக்கிவிடலாம்.

சோறும் பழைய சோறும்

ரேஷன் புழுங்கல் அரிசியை அரை மணி ஊறவைத்தால் கேஸ் கணிசமாக மிஞ்சும். குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர், நான்கு விசில். மேல் கிண்ணத்தில் பருப்பு. ஒரே தீயில் இரண்டும் முடிந்தது. வடிக்கிறவர்கள் முக்கால் பதத்தில் அடுப்பை அணைத்து, மூடிமேல் கனமான துணியைப் போட்டு இருபது நிமிடம் விட்டு வடிக்கலாம். கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள்.

மீந்த சோற்றை வெறுமனே மூடி வைத்து மறுநாள் சாப்பிடுவது ஆபத்து. வேலூர் வெயிலில் அதில் வளரும் கிருமி விடும் நஞ்சு சூடாக்கினாலும் சாகாது, வாந்தி எடுக்கவைக்கும். சோறு ஆறியதும், நேரம் கடத்தாமல், மண்சட்டியில் போட்டு நல்ல தண்ணீரை அது மூழ்க ஊற்றிவிடுங்கள். இரவு ஊற்றினால் காலையில் சாப்பிட்டுவிட வேண்டும். நுரைத்து வழவழப்பு ஏறினாலோ, புளிப்பு வாசத்துக்குப் பதில் கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

இட்லி மாவுக்கு இதே அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் 200 கிராம் அரிசிக்கு மேல் போடக்கூடாது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதோடு மாவு தீர வேண்டும்.

கேஸ் கிட்டத்தட்டத் தேவைப்படாத குழம்பு ஒன்று உண்டு: பச்சைப் புளி ரசம். எலுமிச்சையில் பாதி அளவு புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, தீயில் வாட்டிய ஒரு மிளகாய், சீரகம், கொத்தமல்லிக் காம்பு, உப்பு எல்லாவற்றையும் கையால் நசுக்கிப் போட்டால் முடிந்தது. கெட்டிப் பருப்பும் இதுவும் இருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். புளியை மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போதே கொட்டை எடுத்ததாகப் பார்த்து ஆறு மாதத்துக்கு வாங்கி, உப்புத் தூவி வைத்துவிடுங்கள்.

காய்கறி வாங்கும் நேரம்

டோல்கேட், காட்பாடி உழவர் சந்தைகளில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். நல்ல காய் விடியற்காலையில். குறைந்த விலை சந்தை கலைகிற நேரத்தில். தனியாளுக்கு இரண்டாவதுதான் சரி. சந்தை முடிந்து மூட்டையைத் திருப்பித் தூக்கிப்போக யாருக்கும் மனம் வராது, கேட்ட விலைக்குக் கொடுப்பார்கள். நேதாஜி மார்க்கெட்டில் கூறு கட்டி வைத்ததை வாங்கினால் கீழே இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். கனிந்த தக்காளிக் கூறை வாங்குகிறவர், அன்றைக்கே உப்பு, மிளகாய், எண்ணெய் விட்டு வதக்கித் தொக்காக்க நேரம் இருந்தால் மட்டும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டே நாளில் பாதி குப்பைக்குப் போகும். தக்காளி விலை எகிறும் வாரத்தில் தக்காளியே வேண்டாம். புளி அந்த வேலையைச் செய்யும்.

கடைசி வாரம்

25-ஆம் தேதிக்கு மேல் கையில் எதுவும் இல்லாத நிலை வரும் என்று வைத்தே மாதத்தைத் தொடங்குங்கள். கொள்ளில் கால் கிலோவும், கேழ்வரகு மாவில் அரை கிலோவும், மல்லாட்டையில் கால் கிலோவும் தனி டப்பாவில் எடுத்து மூடிவிடுங்கள். அரிசி எப்படியும் இருக்கும். அந்த ஆறு நாளும் காலையில் கூழ், மத்தியானம் சோறும் கொள்ளும், இரவு கொள்ளு ரசம் அல்லது பச்சைப் புளி ரசத்தோடு மல்லாட்டைத் துவையல்.

கேஸும் தீர்ந்துபோனால் அம்மா உணவகம். காலை 7 முதல் 10 வரை இட்லி ஒன்று 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மத்தியானம் 12 முதல் 3 வரை சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும், காலையில் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வறுத்த மல்லாட்டை ஒரு கை பொட்டலம் கட்டிக் கொண்டுபோனால் சாம்பார் சாதத்தில் குறைகிற புரதமும் சேர்ந்துவிடும்.